பெயர் சொல்லாமல் தந்த விளக்கு

தூறலில் எல்லோருடைய விளக்கும் அணைவதும் மறுபடி ஏற்றப்படுவதுமாக இருந்தது. ஒருத்தியின் விளக்கு மட்டும் அசையாமல் எரிந்தது. காற்று அவள் முந்தானையைத் தூக்கி முகத்தில் அடித்தது, எதிர்வீட்டு மாடிச் சன்னலைப் படாரென்று சாத்தியது, முன்னால் போனவனின் ஊதுவத்திக் கட்டை அணைத்துவிட்டுப் போனது. அவள் தட்டில் இருந்த அகலின் சுடர் மட்டும் மூடிய அறைக்குள் இருப்பதைப் போல நிமிர்ந்து நின்றது. ரோஜினா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். எண்ணெய் நல்ல எண்ணெயாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

"ஏங்க, அந்த விளக்கைப் பாருங்க."

"எந்த விளக்கு? ஆயிரம் விளக்கு போகுது" என்றான் பிரபின். அவன் கண் கேமராவை விட்டு எழவில்லை. உளுத்துப்போன கதவு, பாசி பிடித்த செங்கல், படியில் தூங்கும் நாய் என்று காலையிலிருந்து லலித்பூரில் அவன் எடுக்காத படம் இல்லை. அவனுடைய இடமாற்றக் காகிதத்துக்காகத்தான் தான்சேனிலிருந்து இரண்டு பேரும் வந்திருந்தார்கள். வேலை நேற்றே முடிந்துவிட்டது. மிச்சமிருந்த ஒரு பகலைக் கால் போன போக்கில் கழிப்பது என்று முடிவு செய்து, விடிந்ததிலிருந்து சந்து சந்தாக நடந்து, முட்டை ஊற்றிய உளுந்து அடையை நின்றபடியே தின்று, கடைவீதியில் மகளுக்குச் சிவப்புக் கவுன் ஒன்றும் வாங்கியாயிற்று.

ஏழரைக்கு பஸ். ராத்திரி முழுக்கப் போனால் விடியும்போது தான்சேன். நாளைக்கு நிஷ்மாவுக்கு ஐந்து வயசு. சித்தி வீட்டில் விடும்போது அழுது புரண்டவளிடம் காலையில்தான் போனில் சத்தியம் செய்திருந்தாள் ரோஜினா: "நீ கண் முழிக்கிறப்போ அம்மா பக்கத்துல இருப்பேன்." நிஷ்மாவை அவளுக்குத் தெரியும். ஒருமுறை ஏமாற்றினால் ஒரு மாதம் முகம் கொடுக்காது அந்தக் குட்டி.

வரிசை சந்துக்குள் வளைந்து வந்துகொண்டே இருந்தது. அந்த வருஷம் வீட்டில் யாராவது இறந்திருந்தால் அவருக்காக ஒருவர் வெறுங்காலோடு நடக்க வேண்டும். ஊரில் உள்ள முற்றம் ஒன்று விடாமல் நுழைந்து, ஸ்தூபி ஒன்று விடாமல் விளக்கு காட்டி, அரிசி போட்டு, விடியுமுன் தொடங்கிய நடையை இருட்டும்போது முடிக்க வேண்டும். மதயா என்பார்கள். ரோஜினாவும் இந்த ஊர்க்காரர்களைப் போல நேவார் வீட்டுப் பெண்தான். ஆனால் அவளுடைய ஆட்கள் கடை வைக்க மலையேறி தான்சேனுக்குப் போய் ஆறு தலைமுறை ஆகிவிட்டது. பாதி வழக்கம் வழியிலேயே உதிர்ந்துபோயிற்று. மதயாவை அவள் இன்றுதான் கண்ணால் பார்த்தாள்.

அந்த விளக்குக்காரி நேராக அவள் முன்னால் வந்து நின்றாள். சிவப்புக் கரை போட்ட கறுப்புச் சேலை, கணுக்காலுக்கு மேலே தூக்கிக் கட்டியிருந்தாள். கணுக்காலைச் சுற்றி இரண்டு சுற்றுப் பச்சை குத்தியிருந்தது; புள்ளியும் கொடியுமாக. செத்தாலும் கூட வருவது அது ஒன்றுதான் என்று பழைய பெண்கள் குத்திக்கொள்வது. இவளுக்கு முப்பத்தைந்து வயசுகூட இருக்காதே என்று ரோஜினாவுக்குத் தோன்றியது.

"ஒரு நிமிஷம் இதைப் பிடிம்மா" என்றாள் அந்தப் பெண். சிரித்தாள். "ஒரு வருஷமா கை வலிக்குது."

ரோஜினாவுக்கும் சிரிப்பு வந்தது. பூஜைத் தட்டை ஒருவர் நீட்டினால் வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் வளர்ந்தவள் அவள். கைப்பையைப் பிரபினிடம் கொடுத்தாள், செருப்பை உதறினாள், இரண்டு கையாலும் வாங்கினாள், வாங்கியதும் வீட்டில் பழக்கியபடி தட்டின் விளிம்பை நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். அந்தப் பெண் அவள் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பித்தளை நெற்றியைத் தொட்ட பிறகுதான் மூச்சு விட்டாள். பிறகு கால் முள்ளைப் பார்ப்பவள் போலக் குனிந்து உட்கார்ந்தாள்.

"நில்லாதீங்க, நில்லாதீங்க! அடைச்சுக்குது பாருங்க!" பின்னாலிருந்து குரல்கள். வரிசை ரோஜினாவை முன்னால் தள்ளியது.

"போ போ, நாலடி நடந்துட்டு வா" என்று பிரபின் சிரித்தான். அவள் செருப்பு அவன் விரலில் தொங்கியது. "புண்ணியம்தானே. நான் இங்கேயே நிக்கிறேன்."

நாலடியில் ஒரு வாசல். குனிந்துதான் நுழைய முடியும். அவள் குனிந்தாள்.

உள்ளே இருட்டு ஈரமாக இருந்தது. சுவரில் தோள் உரசியது. கடுகெண்ணெய்ப் புகையும் நனைந்த செங்கல்லும் எப்போதோ தேங்கிய சாக்கடையும் கலந்த வாசனை மூக்கில் ஏறியது. காலுக்கடியில் கல் வழவழவென்று குளிர்ந்தது. முன்னால் எங்கோ எருமைக்கொம்பு ஊதினார்கள், அந்தச் சத்தம் சந்துக்குள் வந்து அடிவயிற்றில் நின்றது. மறுபக்கம் ஒரு முற்றம். நான்கு பக்கமும் மூன்று மாடி வீடுகள், நடுவில் இடுப்பளவு ஸ்தூபி, மேலே ஒரு கை அகல வானம். அவள் திரும்பிப் பார்த்தாள். விளக்குக்காரி வரவில்லை. வாசல் முழுக்க ஆட்கள், ஒருவர் பின் ஒருவராக உள்ளே வந்துகொண்டே இருந்தார்கள்.

வந்த வழியில் திரும்ப முடியாது. சரி, சுற்றிக்கொண்டு போனால் ஆயிற்று என்று நினைத்துக்கொண்டாள்.

பின்னால் வந்த பெண் குண்டாக, வாய் ஓயாதவளாக இருந்தாள். பெயர் ஹீரா என்று தானாகவே சொன்னாள். "மாமியாருக்கு நடக்கிறேன். உயிரோட இருந்தப்போ ஒரு நாள் அந்த அம்மா சொல் கேட்டு நடக்கலை நான். இப்போ பாரு, ஊரு பூரா நடக்க வச்சுப்புட்டா. மேலே உக்காந்து சிரிச்சுக்கிட்டு இருப்பா." முழங்காலைத் தட்டிக்கொண்டாள். "நீ யாருக்கு?"

"எனக்கு யாரும் இல்லைங்க. ஒருத்தங்க பிடிக்கச் சொன்னாங்க. அவங்களைத்தான் தேடுறேன்."

"யாருக்குன்னு பேர் சொல்லிக் குடுத்தாங்கல்ல?"

"இல்லையே."

நாலைந்து அடி நடந்தார்கள்.

"நெத்தியில ஒத்திக்கிட்டியா?"

"ஆமா. ஏன்?"

"ஒண்ணுமில்லை" என்றாள் ஹீரா. "நட." அதுவரை முதுகில் இடித்துக்கொண்டு வந்தவள் இரண்டு கை தூரம் இடைவெளி விட்டு நடந்தாள். இரண்டாவது முற்றத்திலும், மூன்றாவதிலும், அந்த இடைவெளி அப்படியே இருந்தது.

தட்டு கனத்தது. கொஞ்சம் அரிசி, குங்குமம், சில்லறை, ஒரு அகல். இதற்கு இந்தக் கனம் ஆகாது. பித்தளையும் சூடாக இருந்தது, காய்ச்சல்காரியின் கையைப் பிடித்தது போல. தூறல் மழையானது. அவளுக்கு முன்னால் மூன்று விளக்குகள் அணைந்தன. அவள் கையில் இருந்தது அணையவில்லை.

ஏழாவதோ எட்டாவதோ முற்றத்தில் அவள் ஒரு முடிவு செய்தாள். ஸ்தூபியின் படியில் தட்டை வைத்துவிட்டு ஒதுங்கிவிட வேண்டியது. உரியவள் தேடி வந்து எடுத்துக்கொள்ளட்டும். வைத்தாள். வரிசையைவிட்டு விலகிச் சுவரோரம் வந்தாள். உள்ளங்கை சில்லென்றிருந்தது, என்ன நிம்மதி.

"அக்கா, மறந்துட்டீங்க." கண்ணாடி போட்ட கல்லூரிப் பெண் ஒருத்தி, பணிவாக, தட்டின் அடியில் துண்டைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். ரோஜினா கையைப் பின்னால் இழுத்தாள். அந்தப் பெண் விடவில்லை. "கல்லுல வைக்கக் கூடாதுக்கா. இறந்துபோன உங்க வீட்டு ஆளு பாவம் இல்லையா." எல்லோரும் பார்த்தார்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது. ரோஜினா வாங்கிக்கொண்டாள்.

நடையை ஒழுங்கு செய்யும் ஆள் ஒருவன் சிவப்புத் துணி கட்டிய கம்போடு நின்றான். அவனிடம் போனாள். "அண்ணா, இது என்னோடது இல்லை. கொஞ்சம் வாங்கிக்கோங்க. எனக்கு ஏழரைக்கு பஸ்."

"யாரோடது?"

"தெரியலை. கறுப்புச் சேலை கட்டின ஒரு..."

அவன் விளக்கைப் பார்த்தான். மழை அதன்மேல் நேராக விழுந்துகொண்டிருந்தது. அவன் இரண்டடி பின்னால் போய், கம்பைக் குறுக்கே பிடித்தான். "போம்மா. வரிசையில போ. தயவுசெஞ்சு போயிடு."

அவள் மனசுக்குள் சொல்லிக்கொள்ளத் தொடங்கினாள். ஏழரை பஸ். சிவப்புக் கவுன். நிஷ்மா. ஒவ்வொரு வாசலிலும் குனியும்போது ஒருதரம். ஏழரை பஸ். சிவப்புக் கவுன். நிஷ்மா. பிள்ளைகள் கடைக்குப் போகும்போது சாமான் பட்டியலைச் சொல்லிக்கொண்டு போவதைப் போல.

எத்தனை முற்றம் ஆயிற்று என்று தெரியவில்லை. எல்லா முற்றமும் ஒன்றுபோல இருந்தன. அதே நான்கு சுவர், அதே ஈரம், அதே மாடிச் சன்னலில் கன்னத்தில் கை வைத்துப் பார்க்கும் அதே கிழவர். ஒரு வளைவில் வரிசை ஒரு கணம் தயங்கியபோது இடதுபக்கம் ஒரு சின்னச் சந்து தெரிந்தது. அதில் யாரும் இல்லை. அவள் யோசிக்கவில்லை. புகுந்து ஓடினாள். தலை மேலே உத்தரத்தில் இடித்தது. கொம்புச் சத்தம் தேய்ந்தது, ஆட்கள் சத்தம் தேய்ந்தது, அவள் மூச்சும் வெறுங்கால் சேற்றில் படும் சத்தமும் மட்டும் கூட வந்தன. மறுபக்கம் வெளிச்சம்.

அதுவும் ஒரு முற்றம்தான். ஆள் இல்லை. ஒரே ஒரு வீட்டு வாசலில், ஐம்பது வயசுக்காரர் ஒருவர், மடியில் ஒரு தாம்பாளம் அவலோடு உட்கார்ந்திருந்தார். ரொம்ப நேரமாகக் காத்திருந்தவர் போல எழுந்தார்.

"வந்துட்டியா, அஸ்ட மாயா."

"நான் இல்லைங்கய்யா. நான் தான்சேன்காரி. வழி தப்பிடுச்சு."

"தெரியும்" என்றார். அவள் முகத்தை நன்றாகப் பார்த்தார். "போன வருஷம் சுர்கேத்காரி. அதுக்கு முந்தின வருஷம் ஒரு டீச்சரம்மா. வருஷத்துக்கு ஒரு மூஞ்சி. காலு மட்டும் அவ காலு."

ரோஜினா குனிந்து பார்த்தாள். சேறு. கணுக்காலைச் சுற்றிச் சேறு. ஒரு காலால் மறு காலைத் தேய்த்தாள். சேறு போயிற்று. நீலப் புள்ளிகள் போகவில்லை.

அவள் கத்தினாளா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை. அவர் அமைதியாகப் பேசிக்கொண்டிருந்தார், பல தடவை சொல்லிப் பழகியவர் பேசுவதைப் போல.

"அவ செத்துப்போன வருஷம் நான்தான் தட்டை எடுத்துட்டு நடந்தேன். பொண்டாட்டிக்குப் புருஷன் நடக்கணுமில்ல. பாதி ஊரு நடந்தேன். கால் கடுத்துச்சு. கூட்டாளி ஒருத்தன் கடையில இருந்து கூப்பிட்டான், ஒரு கிண்ணம் குடிச்சுட்டுப் போடான்னு. தட்டைப் படியில வச்சேன். ஒரு கிண்ணம் நாலாச்சு. வெளியே வந்தா வரிசையும் இல்லை, தட்டும் இல்லை. பாதியில விட்ட நடை. அப்புறம் அவளே எடுத்துக்கிட்டா. பதினோரு வருஷமாச்சு."

"அப்போ நீங்க வாங்கிக்கோங்க." ரோஜினா தட்டை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். தட்டு ஆடியது, சுடர் ஆடவில்லை. "உங்க பொண்டாட்டியோட விளக்குதானே! நீங்க விட்ட நடைதானே! வாங்குங்கய்யா! எனக்குச் சின்னக் குழந்தை இருக்கு, நாளைக்குப் பொறந்தநாள்!"

அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எல்லாருந்தான் நீட்டுறீங்க" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது, அது பொய்யில்லை. "எனக்குத் தைரியம் இல்லைம்மா."

அந்த ஆளை அடித்துக் கொல்லலாம் போல இருந்தது ரோஜினாவுக்கு.

"நான் எப்படித்தான் போறது?"

"நீ எப்படி வாங்கினியோ அப்படித்தான். வெளியூர்க்காரி யாராவது வாங்கி நெத்தியில ஒத்திக்கணும். இருட்டுறதுக்குள்ள. அவ பேர் மட்டும் சொல்லிடாதே, சொன்னா எவளும் வாங்க மாட்டா." ஒரு பிடி அவலை எடுத்துத் தட்டில் தூவினார். குனிந்து, அவளைத் தொடாமல், அவள் காலுக்கு முன்னால் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "போ. உன் வரிசை வந்துடுச்சு."

அவள் திரும்பினாள். அவள் ஓடி வந்த சந்திலிருந்து விளக்குகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. முற்றம் நிறைந்தது. ஹீராவின் முகம் தெரிந்தது. ரோஜினாவின் இடம் காலியாக, இரண்டு கை இடைவெளியோடு, அவளுக்காகத் திறந்திருந்தது. வேறு வாசல் அந்த முற்றத்துக்கு இல்லை.

சிவப்புக் கவுன். நிஷ்மா. அதற்கு முன்னால் இன்னொன்று இருந்தது. ஏதோ நேரம். ஏதோ வண்டி.

பெரிய தெருவுக்கு வரிசை வந்தபோது அவள் பிரபினைப் பார்த்தாள். நனைந்த கோழி போல ஒரு கடை ஓரத்தில் நின்றுகொண்டு, எட்டி எட்டி ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டிருந்தான். விரலில் அவள் செருப்பு. தோளில் அவள் பை. இத்தனை சந்தோஷம் அவனைப் பார்த்து அவளுக்குக் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை.

"ஏங்க! இங்கே! ஏங்க!"

அவன் அவளைப் பார்த்தான். கேமராவை மரியாதையாகக் கீழே இறக்கினான். பக்கத்தில் வந்தான். கடைக்காரரிடம் ஒரு பிடி அரிசி வாங்கி, அவள் தட்டில் போட்டு, கை கூப்பினான்.

"அம்மா, பச்சைக் குர்தா போட்ட பொண்ணு யாரையாவது பார்த்தீங்களா? மஞ்சள் துப்பட்டா. நெத்தியில சின்னதா ஒரு மச்சம் இருக்கும்."

"நான்தாங்க! ரோஜினாதாங்க நான்!"

கொம்புகள் ஊதின. ஆறேழு கொம்பு ஒரே நேரத்தில். அவன் காதருகே கையைக் குவித்துச் சிரித்தான். "கேக்கலைம்மா. பரவாயில்லை, நீங்க போங்க. தப்பா நினைக்காதீங்க." அவனைப் பிடிக்கக் கை நீட்ட வேண்டும். கை இரண்டும் தட்டில் இருந்தன. விரல்களை விரிக்கப் பார்த்தாள். விரல்கள் விரியவில்லை. பின்னாலிருந்து தள்ளினார்கள். குனிய வேண்டிய இன்னொரு வாசல். குனிந்தாள்.

ஏழு வருஷம் பக்கத்தில் படுத்தவன். அரிசி போட்டான்.

வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. மழை நின்றிருந்தது. கூரைகளிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம். எங்கோ ரேடியோ. யாரோ வீட்டில் வெங்காயம் வதக்கும் வாசனை. வரிசையில் இருந்தவர்கள் களைத்துப்போயிருந்தார்கள், சிரிக்கத் தொடங்கியிருந்தார்கள், வீட்டில் என்ன சமையல் என்று பேசிக்கொண்டார்கள். முடியப்போகிறது. இருட்டப்போகிறது.

"அக்கா, உங்க கை எப்படி நடுங்குது!"

முற்றத்து மூலையில் ஒரு இளம்பெண். குடை, முதுகுப்பை, கழுத்தில் கேமரா. பேச்சில் சித்வன் பக்கத்து வாடை; வெளியூர்க்காரி. "காலையில இருந்து நடக்கிறீங்களா? குடுங்கக்கா, கொஞ்ச தூரம் நான் பிடிக்கிறேன். எனக்கும் ஆசையா இருக்கு." குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையையும் நீட்டினாள். இரண்டு கையையும். வீட்டில் நல்ல வளர்ப்பு.

ரோஜினாவின் விரல்கள் தாமாகவே தளர்ந்தன. எத்தனை லேசாகத் தளர்ந்தன. தட்டு அந்தப் பெண்ணின் கையை நோக்கிப் போயிற்று. ஒரு முழம். ஒரு சாண். ஒரு நிமிஷம் பிடிம்மா என்ற சொல் நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்திருந்தது. நிஷ்மா. நிஷ்மா. நிஷ்மா.

அந்தப் பெண் கொஞ்சம் நிமிர்ந்தாள். சால்வை விலகியது. வயிறு தெரிந்தது. ஏழு மாதம் இருக்கும்.

ரோஜினா தட்டை நெஞ்சோடு இழுத்துக்கொண்டாள். "தொடாதே."

"இல்லைக்கா, நான் சும்மா..."

"தொடாதே! எவ குடுத்தாலும் வாங்காதே! போ இங்கேருந்து! ஓடு!"

"உதவி பண்ண வந்தா பாரு" என்று அந்தப் பெண் முகம் சிவந்து ஒதுங்கினாள். போய்விட்டாள். விரல்கள் மறுபடி பித்தளையோடு இறுகின. ரோஜினா அழுதாள். செய்தது சரி என்று தெரிந்தும் அழுதாள், ஏன் செய்தோம் என்று அழுதாள், அழுதுகொண்டே அடுத்த வாசலில் குனிந்தாள்.

அந்த வாசல் தெருவில் திறந்தது. அவள் தட்டை வாங்கிய அதே தெரு.

பிரபின் அங்கே இருந்தான். முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தான். ஒரு பெண்ணின் காலுக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தான். பச்சைக் குர்தா. மஞ்சள் துப்பட்டா. வெள்ளையாக, சுத்தமாக, ஒரு புள்ளி இல்லாத கணுக்கால். வார் எப்போதும் மூன்றாவது ஓட்டையில்தான் போடுவாள் ரோஜினா. அவன் இரண்டாவதில் போட்டான், அந்தப் பெண் காலை லேசாக உதறினாள், அவன் சிரித்துக்கொண்டே மூன்றாவதுக்கு மாற்றினான்.

"பயந்தே போயிட்டேன்டி. எங்கே போனே?"

"கூட்டத்துல மாட்டிக்கிட்டேங்க. வாங்க, பஸ் போயிடும்."

ரோஜினா தன்னுடைய குரலை வெளியிலிருந்து கேட்டாள். தன்னுடைய முகத்தை முதல் தடவையாகப் பக்கவாட்டில் பார்த்தாள். அந்த மச்சத்தைப் பார்த்தாள். குனிந்து தன்னைப் பார்த்தாள். கறுப்புச் சேலை. சிவப்புக் கரை.

சுர்கேத்காரிக்கும் ஒரு வீடு இருந்திருக்கும். அங்கே இப்போது எவள் சமைக்கிறாள்.

கைப்பையில் போன் அடித்தது. அந்தப் பெண் எடுத்தாள். காதில் வைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, ரோஜினா கொஞ்சுவதைப் போலவே மூக்கைச் சுருக்கிக் கொஞ்சினாள். "ஆமாடி தங்கம். சிவப்புக் கவுன். வாங்கியாச்சு. இல்லை, பொய் சொல்லலை. நீ கண் முழிக்கிறப்போ அம்மா பக்கத்துல இருப்பேன்."

பேசிக்கொண்டே அவள் திரும்பினாள். வரிசையில் இருந்த ரோஜினாவை நேராகப் பார்த்தாள். அந்தக் கண்ணில் கேலி இல்லை. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையையும் சேர்த்து ஒருதரம் கும்பிட்டாள். கைகள் சிவந்திருந்தன. பிறகு பிரபினின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

போன் இன்னும் காதில். அந்தப் பக்கம் குழந்தை. கத்தினால் கேட்கும். பெயர் சொல்லிக் கத்தினால் போதும். அம்மா குரல் பிள்ளைக்குத் தெரியும். ரோஜினா வாயைத் திறந்தாள்.

கவுன். சிவப்பு.

அதற்கு அடுத்தது.

ஐந்து வயசு. முன்பல் ஒன்று ஆடுகிறது. தூங்கும்போது அம்மாவின் காதுமடலைப் பிடித்துக்கொள்ளும். பெயர்.

அவர்கள் முனையில் திரும்பினார்கள்.

"முடிஞ்சுது, முடிஞ்சுது! நடை முடிஞ்சுது!" என்று கம்பு வைத்திருந்தவன் கத்தினான். வரிசை கலைந்தது. ஹீரா முழங்காலைப் பிடித்துக்கொண்டு "அப்பாடா" என்றாள். விளக்குகளை ஊதி அணைத்தார்கள். கதவுகள் திறந்து ஆட்களை உள்ளே எடுத்துக்கொண்டு மூடின. தெரு காலியாயிற்று.

அவள் கால்கள் நிற்கவில்லை. குனிய வேண்டிய ஒரு வாசலை நோக்கி அவை நடந்தன. திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. சுடர் அசையவில்லை.